அலையைத் திருப்பும் சுவர்

தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் நடுவே ஏறத்தாழ 30 கிலோமீற்றர் கடல். வானொலி அலை அதை ஒவ்வொரு கணமும் கடந்துகொண்டிருக்கிறது. தனுஷ்கோடி முனைக்குப் போகிறவர்களின் கைத்தொலைபேசி இலங்கை வலையமைப்பைப் பிடித்துக்கொள்வது பலரும் அறிந்த செய்தி. இதில் மாயம் ஏதும் இல்லை. 50 மீற்றர் உயரமான கோபுரத்திலிருந்து புறப்படும் அலையை வளிமண்டலம் சற்றே கீழ்நோக்கி வளைக்கிறது. அதையும் சேர்த்துக் கணக்கிட்டால், நிலத்திலிருந்து 2 மீற்றர் உயரத்தில் இருக்கும் கைத்தொலைபேசி சுமார் 35 கிலோமீற்றர் வரை அந்தக் கோபுரத்தின் நேர்ப்பார்வைக்குள் இருக்கும்.

அப்படியானால் மன்னார்த் தீவின் பேசாலைக் கரையிலிருந்து 10 கிலோமீற்றர் தள்ளி வலை விடும் படகில் கவரேஜ் ஏன் தேய்கிறது? நடுவே மலை இல்லை, மரம் இல்லை, கட்டடம் இல்லை. அலையைத் தடுப்பதற்கு அங்கே எதுவும் இல்லை. அதைக் கெடுப்பதற்கு ஒன்று இருக்கிறது: கடல்.

கட்டுப்படாத தெறிபரப்பு

கோபுரத்திலிருந்து படகுக்கு அலை இரண்டு வழிகளில் வருகிறது. ஒன்று நேர்வழி. மற்றது கடல்மட்டத்தில் பட்டுத் தெறித்து வரும் வழி. கோபுரம் 50 மீற்றர், கைத்தொலைபேசி 2 மீற்றர், இடைத்தூரம் 10 கிலோமீற்றர் என்றால் இரண்டு வழிகளின் நீளமும் வேறுபடுவது 2 சென்ரிமீற்றர் மட்டுமே. 900 மெகாஹெர்ட்ஸ் அலையின் நீளமோ 33 சென்ரிமீற்றர். அப்படிப் பார்த்தால் இரண்டு அலைகளும் ஏறக்குறைய ஒன்றாக வந்துசேர்ந்து, ஒன்றுக்கொன்று வலுச் சேர்க்க வேண்டும்.

நடப்பது அதற்கு நேர்மாறு. மிகத் தாழ்ந்த கோணத்தில் நீரில் படும் அலை தெறிக்கும்போது தலைகீழாகிறது. மேடு பள்ளமாகவும் பள்ளம் மேடாகவும் மாறிவிடுகின்றன. நேரே வந்த அலையின் மேடும் தெறித்து வந்த அலையின் பள்ளமும் படகில் சந்தித்து ஒன்றையொன்று அழிக்கின்றன. கடலைத் தட்டையாக வைத்துக் கணக்கிட்டால், கடலே இல்லாதிருந்தால் கிடைத்திருக்கக்கூடிய வலுவில் 14 சதவீதம்தான் எஞ்சுகிறது.

கச்சான் காலத்தில் கடல் குமுறிக்கொண்டிருக்குமே, அப்போதும் அது கண்ணாடிபோல் தெறிக்குமா என்று கேட்கலாம். ஒரு தளம் கரடா, வழுவழுப்பா என்பது கண்ணுக்குத் தெரிவதைப் பொறுத்தது அல்ல. அலையின் நீளமும் அது வந்து படும் கோணமும் சேர்ந்தே அதைத் தீர்மானிக்கின்றன. மேலே சொன்ன அதே கோணத்தில், 900 மெகாஹெர்ட்ஸ் அலைக்கு 8 மீற்றருக்குக் குறைந்த கடலலை எல்லாம் வழுவழுப்புத்தான். 28 கிகாஹெர்ட்ஸ் அலைக்கு அந்த எல்லை 26 சென்ரிமீற்றராகச் சுருங்கிவிடுகிறது. ஒரே கடல் ஒரு மீடிறனுக்குச் சீரான தெறிபரப்பு, இன்னொன்றுக்குக் கரடுமுரடான தரை.

தரையிலும் இதே பௌதிகம்தான். கட்டுக்கரைக் குளத்தின் நீர்ப்பரப்பு, அதற்கப்பால் முருங்கன் பக்கம் விரியும் வயல், மழை குறைந்த மாதங்களில் வெடித்துக் கிடக்கும் மண் எல்லாமே தாழ்ந்த கோணத்தில் வரும் அலையைத் தெறிக்கின்றன. மன்னார்த் தீவின் தென்கரையில் வரிசையாக நிற்கும் ‘தம்பபவனி’ காற்றாலைகள் முப்பதும் தம் சிறகுகளால் அலையைச் சிதறடிக்கின்றன, அதுவும் சுழன்றுகொண்டே. நகரத்துக் கொங்கிறீற்றுச் சுவர் பாதியை விழுங்கி மீதியை வேறெங்கோ அனுப்புகிறது.

வானொலி பிறந்த நாளிலிருந்து பொறியியலாளர்கள் அனுப்பியைத் திருத்தினார்கள், வாங்கியைத் திருத்தினார்கள். நடுவே உள்ள உலகத்தைத் திருத்த முடியும் என்று நினைக்கவில்லை. கடலும் சுவரும் செய்வதைச் சகித்துக்கொண்டு, அதற்கேற்ப வலுவைக் கூட்டினார்கள், கோபுரத்தை உயர்த்தினார்கள். கடந்த பதினைந்து ஆண்டுகளில் எழுந்த புதிய கேள்வி இது: தெறிப்பு எப்படி நிகழவேண்டும் என்பதை நாமே தீர்மானித்தால் என்ன? அலை வந்து படும் சுவரே, அதை எந்தப் பக்கம் அனுப்பவேண்டும் என்ற கட்டளைக்குக் கீழ்ப்படிந்தால் என்ன? மாற்றியமைக்கத்தக்க தெறிபரப்பு என்ற ஆய்வுத்துறை இந்தக் கேள்வியிலிருந்து பிறந்தது. அலையைத் திருப்புவது இன்று பெரிய வித்தை அல்ல என்பதையும், எங்கே திருப்புவது என்று விரைவாக அறிவதே பெரிய வித்தை என்பதையும் இந்த அத்தியாயத்தில் பார்ப்போம்.

ஒரே கணத்தில் இழுத்தல்

அலையைத் திசைதிருப்பும் வேலை எல்லாம் ‘அவத்தை’ என்ற ஒன்றில் அடங்கியிருக்கிறது. ஓர் அலை ஒரு குறித்த கணத்தில் தன் ஏற்ற இறக்கச் சுற்றில் எங்கே நிற்கிறது என்பதே அவத்தை. முழுச் சுற்று 360 பாகை. 180 பாகை விலகி நிற்கும் இரண்டு சம அலைகள் ஒன்றையொன்று அழிக்கும். விலகாமல் நிற்பவை கூடும்.

மன்னார்க் கரையில் கரைவலை இழுப்பதைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். கயிற்றைப் பிடித்திருப்பவர்கள் ஆளுக்கொரு கணத்தில் இழுத்தால் வலை நகராது. அம்பாப் பாட்டின் தாளத்துக்கு எல்லாரும் ஒரே கணத்தில் இழுத்தால் பெருமடி கரையேறும். ஆட்களின் பலம் அதேதான், கணம் மட்டும் ஒன்றாகிவிட்டது.

தெறிபரப்பு என்பது பல நூறு அல்லது பல ஆயிரம் சிறு கலங்கள் அடுக்கிய ஒரு பலகை. ஒவ்வொரு கலமும் தன்மேல் படும் அலையைத் திருப்பி அனுப்பும்போது, அதன் அவத்தையைச் சிறிது தாமதப்படுத்த வல்லது. எல்லாக் கலங்களிலிருந்தும் வரும் அலைகள் ஓர் இடத்தில் ஒரே அவத்தையோடு சந்திக்கும்படி தாமதங்களை அமைத்தால், அந்த இடத்தில் வீச்சங்கள் நேரடியாகக் கூடுகின்றன. 100 கலங்கள் என்றால் வீச்சம் 100 மடங்கு. வலு வீச்சத்தின் வர்க்கம் என்பதால் அது ஒரு கலத்தின் வலுவைப்போல் 10,000 மடங்கு. கலங்களை இரட்டித்தால் வலு நான்கு மடங்காகிறது. இதில் சக்திக் காப்பு விதி எங்கும் மீறப்படவில்லை. பலகை பெரிதாகும்போது அது அள்ளும் அலையும் அதே விகிதத்தில் கூடுகிறது, அள்ளியதைக் குவிக்கும் கூர்மையும் அதே விகிதத்தில் கூடுகிறது. இரண்டும் சேர்ந்து வர்க்கமாகின்றன.

திசையைக் கணிப்பதும் எளிது. அரை அலைநீள இடைவெளியில் கலங்கள் அடுக்கியிருக்கின்றன, அலை நேரே முன்னிருந்து வருகிறது, அதை 30 பாகை வலப்பக்கம் திருப்பவேண்டும் என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு கலமும் பக்கத்துக் கலத்தைவிட 90 பாகை கூடுதலாகத் தாமதப்படுத்தவேண்டும்: 0, 90, 180, 270, மீண்டும் 0. அவ்வளவுதான். கற்றையை வேறு பக்கம் திருப்ப வேண்டுமானால் இந்த எண்களை மாற்றினால் போதும். பலகை அசைய வேண்டியதில்லை.

முத்தோரைச் சரிவில்

அசையாத பரப்பிலிருந்து அசையும் கற்றையை உருவாக்கும் இந்தக் கருத்துக்குத் தமிழ்நாட்டில் ஐம்பது ஆண்டுகளுக்கு மேலான ஒரு சாட்சி நிற்கிறது. ஊட்டிக்கு அருகே முத்தோரையில் கோவிந்த் ஸ்வரூப் தலைமையில் எழுந்து 1970இல் இயங்கத் தொடங்கிய வானொலித் தொலைநோக்கி அது. 530 மீற்றர் நீளம், 30 மீற்றர் அகலம். பரவளைவு வடிவ இரும்புச் சட்டங்கள் 24. அவற்றின்மேல் நீளவாக்கில் இழுத்துக் கட்டிய 1,100 மெல்லிய துருவேறா எஃகுக் கம்பிகள்தான் தெறிபரப்பு. 326.5 மெகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் ஏறத்தாழ 92 சென்ரிமீற்றர். கம்பிகளுக்கு இடையேயுள்ள சந்து அதற்கு மிகச் சிறிது என்பதால் அலைக்கு அது முழுத் தகடாகவே படுகிறது.

ஊட்டியின் அகலாங்கு ஏறத்தாழ 11 பாகை. அதே 11 பாகை சாய்ந்த ஒரு மலைச்சரிவைத் தேடிப் பிடித்து, வடக்குத் தெற்காக இந்தத் தொலைநோக்கியை அமைத்தார்கள். அதனால் அதன் நீள அச்சு பூமியின் சுழற்சி அச்சுக்குச் சமாந்தரமாகிவிட்டது. கிழக்கிலிருந்து மேற்குக்கு ஒரே அச்சில் மெல்லச் சுழற்றினாலே ஒரு விண்பொருளை ஒன்பது மணி நேரத்துக்கு மேல் பின்தொடரலாம். ஆனால் அரைக் கிலோமீற்றர் நீளமுள்ள ஒன்றை வடக்குத் தெற்காகச் சாய்க்க வழியில்லை. அந்தத் திசையில் அவத்தை உதவிக்கு வந்தது. குவியக் கோட்டில் வரிசையாக நிற்கும் 1,056 இருமுனை அன்டெனாக்களின் அவத்தைகளை மாற்றி, கற்றையை மின்னியல் முறையில் வடக்குக்கும் தெற்குக்கும் திருப்பினார்கள்.

அங்கே அவத்தை மாற்றம் நடந்தது தெறித்த அலையைப் பிடிக்கும் அன்டெனாவில். கம்பிகள் வந்ததைத் தெறித்தன, அவ்வளவே. அடுத்த படி, அவத்தையைத் தெறிபரப்பின் உள்ளேயே கொண்டுபோவது. அதன் முன்னோடி 1963இல் வெளிவந்துவிட்டது. பெரி, மாலெக், கென்னடி என்ற மூவர், வெவ்வேறு நீளமுள்ள அலைவழிக் குழாய்களை அடுக்கி, ஒவ்வொன்றும் அலையை வெவ்வேறு அளவு தாமதப்படுத்தித் திருப்பியனுப்பும் தெறிப்பு வரிசையை உருவாக்கினார்கள். வளைந்த கிண்ணம் செய்யும் வேலையைத் தட்டையான பரப்பு செய்தது. 2018 நவம்பரில் இன்சைட் விண்கலம் செவ்வாயில் இறங்கியபோது, உடன் பறந்த மார்கோ என்ற இரண்டு சிறு விண்கலங்கள் அந்தச் செய்தியைப் பூமிக்கு அஞ்சல் செய்தது இத்தகைய தட்டையான தெறிப்புப் பலகையால்தான். அதில் அவத்தைகள் தொழிற்சாலையிலேயே பதிக்கப்பட்டவை. ஒருமுறை செய்தால் செய்ததுதான்.

செம்புத் துண்டின் வேலை

மாற்றியமைக்கத்தக்க பரப்பில் ஒரு கலம் என்பது அச்சுப் பலகைமீது ஒட்டிய சிறு செம்புத் துண்டு. அதன் பின்னால் மின்காப்புப் படலம், அதன் பின்னால் முழுச் செம்புத் தகடு. வரும் அலை செம்பிலுள்ள இலத்திரன்களை ஆட்டுகிறது. அவை ஆடி அலையைத் திரும்ப வீசுகின்றன. செம்புத் துண்டுக்கென்று ஓர் இயல்பு மீடிறன் உண்டு. வரும் அலையின் மீடிறன் அதற்குக் கீழே இருக்கிறதா, மேலே இருக்கிறதா என்பதைப் பொறுத்து, திரும்பும் அலையின் அவத்தை ஏறத்தாழ முழுச் சுற்றளவுக்கு மாறும். வரும் அலையின் மீடிறன் நம் கையில் இல்லை. ஆகவே கலத்தின் இயல்பு மீடிறனை நகர்த்துகிறோம். அதற்காகச் செம்புத் துண்டோடு ஒரு டயோட் இணைக்கப்படுகிறது. மின்னழுத்தம் மாறும்போது அதன் கொள்ளளவம் மாறுகிறது, அல்லது அது வெறும் ஆளியாகித் திறந்து மூடுகிறது. கலத்தின் மின்னியல் நீளம் மாறி, அவத்தையும் மாறுகிறது.

2011இல் ஹார்வர்டில் நன்ஃபாங் யூ, ஃபெடரிகோ கபாசோ குழுவினர், பரப்பு நெடுகிலும் அவத்தையைப் படிப்படியாக மாற்றினால் தெறிப்பு விதியே புதுவடிவம் பெறுகிறது என்று ஒளி அலைகளில் காட்டினார்கள். படுகோணமும் தெறிகோணமும் சமம் என்று பள்ளியில் படித்தது, அவத்தை எங்கும் ஒன்றாக இருக்கும் தனி நிலைக்கு மட்டும் உரியதாகிவிட்டது. 2014இல் சீனாவின் டை ஜுன் சுய் குழுவினர், கலங்களைச் சுழியம், ஒன்று என்ற இலக்கங்களால் கட்டுப்படுத்தும் பரப்புகளை முன்வைத்தார்கள். அலையைத் திருப்புவது கணினிக்கு எட்டும் வேலையாகிவிட்டது.

ஒரு கலத்துக்கு எத்தனை நிலைகள் வேண்டும்? 0, 180 என்ற இரண்டு நிலைகள் மட்டும் இருந்தால், 0, 90, 180, 270 என்ற நம் வரிசை 0, 0, 180, 180 என்றாகிவிடும். இந்த வரிசையை இடமிருந்து வாசித்தாலும் வலமிருந்து வாசித்தாலும் மாதிரி ஒன்றுதான். எந்தப் பக்கம் திருப்பவேண்டும் என்ற செய்தியே அதில் இல்லை. எனவே கற்றை இரண்டாகப் பிரிந்து, சரிபாதி மறுபக்கம் போய்விடுகிறது. எல்லாக் கோணங்களையும் சேர்த்துச் சராசரி பார்த்தால், இரண்டு நிலைக் கலங்களில் இலக்கைச் சேர்வது இயலக்கூடிய வலுவில் 40 சதவீதம். நான்கு நிலைகளில் 81 சதவீதம், எட்டு நிலைகளில் 95 சதவீதம். நான்கு நிலைகளுக்கு மேல் போவதற்குச் செலவழிக்கும் பணம், கூடுதல் கலங்களுக்குச் செலவழித்தால் அதிகப் பயன் தரும்.

எவ்வளவு பெரிது, எங்கே

விளம்பரங்கள் சொல்லாமல் விடும் கணக்கு இனி வருகிறது. தெறிபரப்பு வலுவைப் பெருக்குவதில்லை. கோபுரத்திலிருந்து பரப்புக்கு வரும் வழியில் அலை விரிந்து மெலிகிறது. பரப்பிலிருந்து கைத்தொலைபேசிக்குப் போகும் வழியில் மீண்டும் மெலிகிறது. இரண்டு மெலிவுகளும் ஒன்றோடொன்று கூட்டப்படுவதில்லை, பெருக்கப்படுகின்றன.

தெறித்து வரும் அலை, தடையில்லாத நேர்வழி அலைக்கு வலுவில் ஈடாக வேண்டுமானால் பரப்பு எவ்வளவு பெரிதாக இருக்கவேண்டும்? பரப்பின் இருபக்கத் தூரங்களையும் பெருக்கி, மொத்தத் தூரத்தால் வகுத்து, அலைநீளத்தால் பெருக்கினால் தேவையான பரப்பளவு கிடைக்கும். கோபுரம் வெகு தொலைவில் இருந்தால் இது இன்னும் எளிதாகிறது: அலைநீளத்தைப் பரப்புக்கும் ஆளுக்கும் உள்ள தூரத்தால் பெருக்கினால் போதும். 3.5 கிகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் 8.6 சென்ரிமீற்றர். 50 மீற்றர் தள்ளி நிற்பவருக்கு ஏறத்தாழ 4.3 சதுர மீற்றர் வேண்டும், அதாவது 2,300 கலங்கள். 500 மீற்றர் தள்ளி நிற்பவருக்கு 43 சதுர மீற்றர். 28 கிகாஹெர்ட்ஸில் 50 மீற்றருக்கு அரைச் சதுர மீற்றர் போதும், ஆனால் கலங்கள் சிறுத்து எண்ணிக்கை 18,700 ஆகிவிடும்.

தூரங்களின் பெருக்கம் இன்னொன்றையும் சொல்கிறது. பரப்பை இரண்டு முனைகளில் ஒன்றுக்கு அருகே வைப்பது நல்லது, நடுவே வைப்பது மிகக் கெட்டது. மன்னார்த் தீவைப் பெருநிலத்தோடு இணைக்கும் தாம்போதி ஏறத்தாழ 3 கிலோமீற்றர். இரு முனைகளுக்கும் இடையே அலையை வாங்கிக் கொடுக்க நட்டநடுவில் ஒரு பரப்பை நிறுத்தினால் 64 சதுர மீற்றர் வேண்டியிருக்கும், அதுவும் கடற்காற்றுக்கு முன்னால். இரண்டு பக்கமும் ஆள் நடமாட்டமில்லாத நடுவிடம், வரைபடத்தில் எவ்வளவு பொருத்தமாகத் தெரிந்தாலும் பௌதிகத்துக்குப் பொருந்தாது.

பரப்புக்கு உண்மையான மதிப்பு, நேர்வழி முழுதாக அடைபட்ட இடத்தில்தான். கொங்கிறீற்றுச் சுவருக்குப் பின்னால் அலை ஆயிரத்தில் ஒரு பங்காகிவிட்டது என்று கொள்வோம். ஒரு சதுர மீற்றர்ப் பரப்பு 50 மீற்றர் தூரத்துக்கு, தடையில்லாத அலையின் பதினெட்டில் ஒரு பங்கைக் கொண்டுவந்து சேர்க்கும். சுவர் விட்டுவைத்ததைவிட அது 50 மடங்குக்கு மேல். 2018இல் டோக்கியோவின் கோட்டோ பகுதியில் டோகோமோ நிறுவனம், மெட்டாவேவ் நிறுவனத்தின் தெறிப்புப் பலகையை வைத்து 28 கிகாஹெர்ட்ஸில் செய்த சோதனையில், செக்கனுக்கு 60 மெகாபிட்டாக இருந்த வேகம் 560 மெகாபிட்டாக உயர்ந்தது. 2020 ஜனவரியில் அதே டோகோமோ, ஏஜிசி கண்ணாடி நிறுவனத்தோடு சேர்ந்து, ஒளி ஊடுருவும் பரப்பு ஒன்றைக் காட்டியது. அது அலையை முழுதும் உள்ளே விடவோ, பாதி தெறிக்கவோ, முழுதும் தெறிக்கவோ வல்லது. சன்னலாகவே இருந்துகொண்டு அலையை ஆளும் பரப்பு அது.

கேள்விகளைக் குறைக்கும் கலை

ஒரு சதுர மீற்றர்ப் பலகையில் 3.5 கிகாஹெர்ட்ஸுக்கு 540 கலங்கள். ஒவ்வொரு கலத்துக்கும் சரியான அவத்தை எது? அதை அறிய ஒவ்வொரு கலத்தின் வழியையும் அளக்கவேண்டும். பரப்போ வாய்பேசாதது. அதில் வாங்கியும் இல்லை, பெருக்கியும் இல்லை. அதன் மலிவுக்கும் சிக்கனத்துக்கும் காரணம் அதுவே. எனவே கோபுரம் சோதனைச் சமிக்ஞை அனுப்பி, கைத்தொலைபேசி அதை வாங்கி, பரப்பின் நிலையை மாற்றி மாற்றி அளந்துதான் அறியவேண்டும். கலத்துக்கு ஓர் அளவீடு, அளவீட்டுக்கு ஒரு மில்லிசெக்கன் என்றால் 540 மில்லிசெக்கன் ஆகிறது. அதற்குள் சாதாரண நடையில் போகும் ஒருவர் 80 சென்ரிமீற்றர் நகர்ந்துவிடுவார். அது ஒன்பது அலைநீளம். பல சுவர்களில் தெறித்து வரும் அலைகள் கலந்திருக்கும் இடத்தில், அரை அலைநீளம் நகர்ந்தாலே நிலைமை மாறிவிடும். அளந்து முடிக்கும்போது விடை பழையதாகிவிடுகிறது.

கற்றை திருப்பலின் திறன் என்பது இங்கேதான் சோதிக்கப்படுகிறது. குறைந்த கேள்விகளில் போதுமான விடையை எட்டுவது எப்படி? மூன்று வழிகளைப் பார்க்கலாம்.

முதலாவது, கலங்களை மறந்து திசையை மட்டும் தேடுவது. பரப்புக்கும் ஆளுக்கும் நடுவே தடை இல்லை என்றால், தெரியவேண்டியது அவர் எந்தக் கோணத்தில் நிற்கிறார் என்பது மட்டுமே. ஒரு மீற்றர் அகலப் பலகையின் கற்றை ஏறத்தாழ 5 பாகை. 50 மீற்றர் தூரத்தில் அது 4 மீற்றருக்குச் சற்று மேல் அகலம். 120 பாகை விரிவை மூட 32 கற்றைகள் தாராளம். முதலில் அகன்ற கற்றையால் இடப்பாதியா, வலப்பாதியா என்று கேட்டு, கிடைத்த பாதியை மீண்டும் பிளந்துகொண்டே போனால், ஐந்து சுற்றில் பத்து அளவீடுகளில் இலக்கு கிடைத்துவிடும். 540க்குப் பதில் 10. கற்றை 4 மீற்றர் அகலமாதலால், நடந்து போகிறவர் அதைவிட்டு வெளியேற ஓரிரு செக்கன் ஆகும். இந்த முறைக்கும் ஒரு விலை உண்டு: தொடக்கத்தில் விடும் அகன்ற கற்றை வலு குறைந்தது. இரைச்சல் மிகுந்த இடத்தில் முதல் கேள்விக்கே தவறான விடை வந்தால், அடுத்த நான்கும் வீண்.

இரண்டாவது, வாக்கெடுப்பு. சென்னை ஐ.ஐ.டி.யில் படித்து, மசாச்சுசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவகத்தில் பேராசிரியராக இருக்கும் ஹரி பாலகிருஷ்ணனும் அவருடைய மாணவர் வெங்கட் அருணும் 2020இல் வெளியிட்ட ‘ஆர்ஃபோகஸ்’ பரப்பில், 6 சதுர மீற்றரில் மூவாயிரத்துக்கு மேற்பட்ட மலிவான சிறு அன்டெனாக்கள் இருந்தன. ஒவ்வொன்றுக்கும் இரண்டே நிலை. ஒரு கலம் செய்யும் மாற்றம் தனியாக அளக்க முடியாத அளவுக்கு நுண்ணியது. எனவே அவர்கள் கலங்களை ஒவ்வொன்றாக அளக்கவில்லை. எல்லாக் கலங்களையும் தற்செயலாக ஒரு நிலையில் வைத்து, வந்து சேரும் வலுவைக் குறித்துக்கொண்டு, மீண்டும் தற்செயலாக மாற்றி, மீண்டும் குறித்தார்கள். பிறகு ஒவ்வொரு கலத்துக்கும், அது ஒரு நிலையில் இருந்தபோதெல்லாம் சராசரி கூடியதா, மற்ற நிலையில் கூடியதா என்று எண்ணி முடிவு செய்தார்கள். அவத்தையை அளக்க வேண்டியதே இல்லை, வலு மட்டும் போதும். சமிக்ஞை வலுவின் இடைநிலை உயர்வு 9.5 மடங்கு. அலைவழியின் கொள்திறன் இரு மடங்கு.

மூன்றாவது, தேடாமலே இருப்பது. பெங்களூரு இந்திய அறிவியல் நிறுவனத்தில் எல். யஷ்வந்த், சந்திரா ஆர். மூர்த்தி இருவரும் ஆராய்ந்த வழி இது. பரப்பு தன் அவத்தைகளைத் தற்செயலாக மாற்றிக்கொண்டே இருக்கட்டும். ஒவ்வொரு கணமும் அது யாருக்கோ நல்ல கற்றையாக அமையும். கோபுரம் அந்தக் கணத்தில் அந்த ஆளுக்குத் தரவை அனுப்பட்டும். பயனர் கூட்டம் பெரிதாக இருந்தால், யாரையும் குறிவைக்காத கற்றையே எல்லாருக்கும் முறை வைத்துப் பயன்படுகிறது. ஆனால் கலங்கள் கூடக்கூட, தற்செயலாகவே நல்ல கற்றை அமைய வேண்டுமானால், வேண்டிய பயனர் எண்ணிக்கை அடுக்குக்குறி வேகத்தில் ஏறிவிடும். அவ்வளவு கூட்டம் எங்கும் இல்லை. ஆகவே அலைகள் உண்மையில் வரக்கூடிய திசைகளின் அமைப்பை அறிந்து, தற்செயலை அதற்குள் அடக்கி வைத்தார்கள்.

இந்த மூன்று வழிகளுக்கும் துணையாக ஒரு சிக்கனமும் உண்டு. சமன் அதபத்து (பேராதனையில் பொறியியல் பயின்றவர்), பிரதாபசிங்க தர்மவன்ச உள்ளிட்ட குழுவினர் 2020இல் இருவழித் தொடர்பை எடுத்துக்கொண்டார்கள். போகும் வழியும் வரும் வழியும் ஒன்றேயானால், ஒரு பக்கத்துக்குச் சரியாக அமைத்த அவத்தைகள் மறுபக்கத்துக்கும் அப்படியே சரியாகும். ஒரு தேடலில் இரண்டு வேலை முடிகிறது. இரண்டு வழிகளும் வேறானால், ஒருவருக்கு நல்லது மற்றவருக்கு நல்லதாகாது. அங்கே இருவரில் குறைவாகப் பெறுகிறவரை உயர்த்தும்படி பரப்பை அமைக்கவேண்டும்.

மூன்று வழிகளையும் ஒன்றாக நிறுத்திப் பார்த்தால் ஒரு பொது அறிவு தெரிகிறது. எல்லாவற்றையும் அளந்து மிகச் சிறந்த விடையை எட்டுவதைவிட, இடத்தின் இயல்பை முன்கூட்டி அறிந்து, சில அளவீடுகளில் நல்ல விடையை எட்டுவது பயனுள்ளது. வெளியான இடமா, சுவர் சூழ்ந்த இடமா? ஆட்கள் நிற்கிறார்களா, நகர்கிறார்களா? ஒருவரா, கூட்டமா? இந்தக் கேள்விகளுக்கு விடை தெரிந்த பிறகே எந்தத் தேடல் முறை என்று முடிவு செய்ய முடியும்.

மன்னாருக்கு எது பொருந்தும்

இந்த அறிவோடு மீண்டும் பேசாலைக் கடலைப் பார்த்தால், அங்கே தெறிபரப்புக்கு வேலை இல்லை என்று துணிந்து சொல்லலாம். நேர்வழி அடைபடவில்லை. ஆள் இருப்பது 10 கிலோமீற்றருக்கு அப்பால். கெடுக்கும் கடலைப் பலகையால் மூடவும் முடியாது. அங்கே உதவுவது உயரம். படகில் அன்டெனாவை 2 மீற்றரிலிருந்து 4 மீற்றருக்கு உயர்த்தினால், இரண்டு வழிகளின் வேறுபாடு 2 சென்ரிமீற்றரிலிருந்து 4 ஆகிறது. வந்து சேரும் வலு 14 சதவீதத்திலிருந்து 54 சதவீதமாகிறது. கடலுக்குப் போகும் உறவுகளின் உயிர் ஓர் அழைப்பில் தங்கியிருக்கும்போது, ஒரு கம்பமும் வெளி அன்டெனாவும் தரும் இந்த நான்கு மடங்கு, எந்தப் புதுப் பரப்பும் அங்கே தர முடியாதது.

கட்டுக்கரை வயல்வெளியும் அப்படியே. பரந்த வெளிக்கு உயர்ந்த கோபுரமும் தாழ்ந்த மீடிறனும்தான் பொருத்தம். தெறிபரப்பு பொருந்துவது நகரத்துக்குள்: தடித்த சுவர் கொண்ட மருத்துவமனை விடுதிகளில், அலுவலகத் தாழ்வாரங்களில், கடைத்தெருவின் உட்சந்துகளில். அங்கே சுவர்கள் நேர்வழியை அடைக்கின்றன, ஆட்கள் 50 மீற்றருக்குள் இருக்கிறார்கள், பலகையை மாட்டச் சுவர் இருக்கிறது. 2,300 கலங்கள் கொண்ட பரப்பின் டயோட்களுக்கு ஏறத்தாழ பத்து வாற்று போதும். மின்தடை வரும் ஊரில் சிறு சூரியப் பலகையும் மின்கலமும் அதைத் தாங்கும்.

ஒரு நிறுவனம் வைக்கும் பரப்பு மற்ற நிறுவனங்களின் அலையையும் தெறிக்குமே, அவர்களின் வாடிக்கையாளர்களுக்குக் கெடுதல் வராதா என்ற கேள்வி நியாயமானது. டயலொக்குக்காக அமைத்த அவத்தைகள் மொபிடெலுக்குத் தற்செயலானவை. யஷ்வந்தும் மூர்த்தியும் இதையும் ஆராய்ந்து, அப்படித் தற்செயலாகக் கிடைக்கும் தெறிப்பால் மற்றவரின் சேவை சராசரியில் கெடுவதில்லை, சில நிலைமைகளில் சற்றுக் கூடவும் செய்கிறது என்று கண்டார்கள். ஐரோப்பியத் தொலைத்தொடர்புத் தரநிலை நிறுவனம் 2021இல் இந்தத் துறைக்கெனத் தனிக்குழு அமைத்தது. 2023இல் அதன் முதல் அறிக்கைகள் வெளிவரத் தொடங்கின. அறைக்குள் ஆய்வாக இருந்தது தரநிலையை நோக்கி நகர்கிறது.

நாளை ஒரு நிறுவனம் இந்தப் பலகையை மன்னாருக்குக் கொண்டுவரும்போது, அதை வாங்கும் இடத்தில் இருப்பவர் நம் பிள்ளைகளில் ஒருவராக இருக்கக்கூடும். அவர் மூன்று கேள்விகளை இதே வரிசையில் கேட்கவேண்டும். நேர்வழி உண்மையில் அடைபட்டிருக்கிறதா? பலகை ஏதாவது ஒரு முனைக்கு அருகே இருக்கிறதா, அதன் பரப்பளவு அலைநீளத்தையும் தூரத்தையும் பெருக்கிய தொகைக்கு ஈடுகொடுக்கிறதா? கற்றையைத் திருப்ப எத்தனை அளவீடுகள் எடுக்கிறது, அதற்குள் ஆள் எவ்வளவு நகர்ந்திருப்பார்? மூன்றுக்கும் காகிதத்தில் பென்சிலால் விடை கண்டுவிடலாம், உயர்தரப் பௌதிகம் போதும். அந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கும் ஊர், தனக்கு வேண்டியதை வாங்கும், வேண்டாததை மறுக்கும். அந்தத் தெளிவு மன்னாரின் பள்ளிக்கூடங்களிலிருந்தே வரமுடியும், வரவேண்டும்.